ஜட்சன் ஐயரின் வாழ்க்கையைச் சபையில் எடுத்துரைக்கும் முறை

வேதாகமத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஐயர் பர்மா வந்து சேர்ந்தது ஒரு ஜூலையில். அந்த மாதம் நெருங்கும்போது ரங்கூன் தமிழ்ச் சபைகளில் யாராவது ஒருவரிடம், அவரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும் பொறுப்பு வந்து சேரும். பிறந்த ஆண்டில் தொடங்கி இறந்த ஆண்டு வரை வரிசையாக வாசித்து முடிப்பதே பெரும்பாலோர் வழக்கம். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது பின்வரிசைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேதிகளைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பு 1788, ஆகஸ்ட் 9. ரங்கூன் வந்தது 1813, ஜூலை 13. முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819, ஜூன் 27. வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தது 1834, ஜனவரி 31. மறைவு 1850, ஏப்ரல் 12. யாராவது கேட்டால் பார்த்துச் சொல்வதற்கு மட்டுமே அந்தத் தாள்.

பேச்சைச் சென்னையில் தொடங்குவது நமக்குப் பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் தங்க விடாமையால் ஐயரும் அவர் மனைவி ஆன் அம்மாளும் மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். அங்கும் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில், புறப்படத் தயாராக நின்ற ஜார்ஜியானா என்னும் கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூனுக்குப் போகும் கப்பலாக இருந்தது. நம் பாட்டன்மார் பின்னாளில் கடந்து வந்த அதே கடல் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் பர்மாவுக்கு வந்த முதல் மிஷனரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கத்தோலிக்கக் குருமார்கள் அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பே வந்து பணி செய்தவர்கள். ஐயரும் அம்மாளும் வந்து தங்கியதுகூட, வங்காளத்தில் ஊழியம் செய்த மிஷனரி வில்லியம் கேரியின் மகன் பீலிக்ஸ் கேரியின் ரங்கூன் வீட்டில்தான்.

அடுத்து, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் நிதானமாக நில்லுங்கள். நான் தேர்ந்தெடுப்பது தலையணை. 1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டதும் ஐயரைப் பர்மிய அரசரின் தலைநகரான ஆவாவில் சிறையில் அடைத்தார்கள். இரவில் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கிடையே மூங்கில் கழியைச் செருகி மேலே உயர்த்திவிடுவார்கள். தோளும் தலையும் மட்டுமே தரையில் இருக்கும். புதிய ஏற்பாட்டின் பர்மியக் கையெழுத்துப் பிரதியை ஆன் அம்மாள் முதலில் மண்ணில் புதைத்தார். மழைக்காலத்தில் அது கெட்டுவிடும் என்று அஞ்சி, எடுத்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காவலர் எவரும் ஆசைப்பட முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்தது. 1825 மே மாதம் கைதிகளை வேறிடத்துக்கு இழுத்துச் சென்றபோது, காவலன் ஒருவன் மேலே சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டு பஞ்சுச் சுருளைத் தூக்கி எறிந்தான். மாங் இங் என்ற பர்மிய விசுவாசி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், ஐயரின் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்திருந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். பழைய தலையணை ஒன்றைக் கையில் எடுத்துச் செல்வதும் நல்லதே.

ஆவா அரசரைக் கொடுங்கோலராக வரைய வேண்டாம். ஐயருக்கு வர வேண்டிய பணம் ஆங்கில வணிகர் வழியாகவே வந்ததால், போர்க்காலத்தில் அவரை ஒற்றர் என்று ஐயுற்றதில் வியப்பில்லை. நம் அண்டை வீட்டார் பௌத்தர்கள்; அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பேசுங்கள்.

ஆன் அம்மாளை வெறும் துணைவியாக விட்டுவிடுவது நம் மேடைகளின் பழைய குறை. சயாம் மொழி கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் பெயர்த்தவர் அவர். கணவர் சிறையிலிருந்த நாளில் பெண் குழந்தையைப் பெற்று, அதைத் தூக்கிக்கொண்டே அதிகாரிகளின் வாசல்களில் நின்றவர். 1826 அக்டோபரில், கணவர் அருகில் இல்லாத நேரத்தில் இறந்தார். முதல் விசுவாசியான மாங் நவ் பெயரையும் மறவாதீர்கள். ஆறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், கரையில் பெரிய புத்தர் சிலை அமைந்த ஒரு குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

சொற்களை விளக்கினால் பிள்ளைகள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். ஐயர் வழியோரத்தில் கட்டிய ஸயாட் நம் ஊர்ச் சாவடியைப் போன்றது. பர்மிய வேதாகமத்தில் கர்த்தரைக் குறிக்கும் 'தாவர பயா' என்பதிலுள்ள பயா, ரங்கூனின் பெரிய பௌத்தக் கோயிலான ஷ்வேடகோனுக்கு இங்கு எல்லோரும் சொல்லும் பயாவேதான். முன்னால் உள்ள தாவர, பாலி மொழிச் சொல். இடம் பெயராதவை என்று நாம் செடிகொடிகளைத் தாவரம் என்பதும் அதே வேரிலிருந்து வந்தது. இதைச் சொன்ன அன்று ஒரு சிறுமி, கடவுள் மரமா என்று கேட்டாள். நிலையானவர், அசையாதவர் என்று விளக்க இரண்டு நிமிடம் போயிற்று.

கடலில் அடக்கம் செய்யப்பட்டதால் அவருக்குக் கல்லறை இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். யோவான் முதல் அதிகாரத்தின் ஐந்து வசனங்களைப் பெரியவர் ஒருவர் தமிழில் வாசிக்கட்டும். தமிழ் எழுத்தில் தடுமாறினாலும் பர்மியத்தைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளை ஒன்று, அதே வசனங்களை ஜட்சன் வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும்.