நாற்பதைக் கடந்து கிடைத்த தோழமை

மண்டபம் என்னும் கடலோர ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் இரண்டு ஆண்டுகளை, "ஒருநாள் சந்திப்போம்" என்று எல்லோரிடமும் சொல்லியே கழித்தேன். நெருங்கிய நட்பு உருவாக ஏறத்தாழ 200 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹாலின் 2018ஆம் ஆண்டு ஆய்வைப் படித்த பிறகே, என் குறை கூச்சமன்று, நேரம் ஒதுக்காமைதான் என்பது விளங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கையில், வலையைச் சீர்செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனுடன் அந்திதோறும் ஒரு மணி நேரம் உட்காரத் தொடங்கினேன். முதல் வாரம் அவர் அதிகம் பேசவில்லை. நானோ கிழிந்த கண்ணிகளை மேலும் கெடுத்தேன். பின்னர் அவருடைய மைத்துனரும் வந்து சேர்ந்தார். தடை முடிந்ததும் பழக்கம் அறுந்துவிடாதிருக்க, ஞாயிறு மாலையை நிலையாக வைத்துக்கொண்டோம். வர இயலாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்ற மாதம் காய்ச்சலில் கிடந்த என் மகளை நள்ளிரவில் ராமநாதபுரத்துக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றவர் அந்த மைத்துனர்தான்.