பிரஷரை வீட்டிலேயே அளப்பதும் அடக்கி வைப்பதும்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொற்றாநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "தலை சுத்தல், மயக்கம் ஒண்ணுமே இல்லையே சிஸ்டர், எனக்கு எப்படி பிரஷர் இருக்கும்?" இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் இதயம், சிறுநீரகம், கண், மூளை ரத்தக்குழாய் எல்லாவற்றையும் கெடுக்கும். ஆகவே 30 வயது தாண்டினால் வருஷத்துக்கு ஒரு முறையாவது அளந்து பார்த்துவிடுங்கள்.

அளப்பதில்தான் நிறைய தப்பு நடக்கிறது. ஒரு ஆச்சி வெயிலில் நடந்து வந்தார். உட்கார்ந்ததுமே கையை நீட்டி, பேத்தியின் காலேஜ் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். 168/96 காட்டியது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். 144/88. கருவியும் அதேதான், கையும் அதேதான்.

வீட்டுக்குக் கருவி வாங்கினால் மேல்கையில் கட்டுகிற மாதிரி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். எந்தச் சுற்றளவுக் கைக்கு என்று பட்டையிலேயே அச்சடித்திருக்கும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். டீ, காபி, பீடி, சிகரெட் எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிஷம் உட்காருங்கள். பட்டை இருதய மட்டத்தில் வருகிற மாதிரி கையை மேஜைமேல் வையுங்கள். துணிக்கு மேலே கட்டாதீர்கள். முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூட வருகிறதோ அந்தக் கையிலேயே தொடருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்னும் ராத்திரியிலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85, ஆஸ்பத்திரியில் 140/90, இதற்கு மேல் தொடர்ந்து வந்தால் பிரஷர்தான். கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, உப்புக்கு வருவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கரண்டியால் அளந்து யாரும் சமைக்கப் போவதில்லை. நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன்மேல் தேதியை எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ குறைந்தது 50 நாள் வரவேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாம் தனி உப்பு. அவை அடிக்கடி இலைக்கு வருகிற வீட்டில் பாக்கெட் இன்னும் நாள் கடந்து வரவேண்டும். எங்கள் ஊர்க்காரர்களிடம் கருவாட்டை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. என்றைக்காவது ஒரு நாள், தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசி, குழம்புக்குத் தனியாக உப்பே போடாமல் வையுங்கள். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை இன்றைக்கே நிறுத்தலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். கல்லுப்பும் இந்துப்பும்கூட சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனாலபிரில், டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

வேர்க்க நடப்பது, வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம். புகையிலையையும் குடியையும் விட்டுவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. 120/80 வந்ததும், "குணமாயிட்டு" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த 120 மாத்திரை தந்தது. நிறுத்தினால் பழையபடி ஏறும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினாலும், எனாலபிரிலால் வறட்டு இருமல் வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் பிரஷரை ஏற்றும். வர முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுங்கள்.

180/120-க்கு மேல் காட்டினால் 5 நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நீங்களாக இன்னொரு மாத்திரை போடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, திடீரென்று பார்வை மங்கல், இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.