நாள் கணக்கில் தோற்கும் ஆட்கொணர்வு மனுக்கள்

ஆட்கொணர்வு மனு என்றதும், சட்டவிரோதக் காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனுவே நமக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ, மாநில நீதிமன்றம் தண்டித்த கைதி, அத்தண்டனை அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடவும் இதே மனுதான் வழி. பெரும்பாலும் வழக்கறிஞர் துணையின்றி எழுதப்படும் இம்மனுக்களில் பல, வாதம் கேட்கப்படும் முன்பே கெடு தவறித் தள்ளுபடியாகின்றன.

1996ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அவகாசம் ஓராண்டு. நேரடி மேல்முறையீட்டில் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றவருக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அணுகுவதற்கான 90 நாட்களும் கழிந்த பிறகே பொதுவாக அந்த ஓராண்டு தொடங்கும். அதன்பின் மாநிலத்தில் முறைப்படி தாக்கல் செய்த மறுஆய்வு மனு நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேரா. ஆனால், அம்மனு தள்ளுபடியானதும் புதிதாக ஓராண்டு கிடைக்கும் என்று நம்புவது பெருந்தவறு. பத்து மாதம் காத்திருந்து அம்மனுவைப் போட்டவருக்கு எஞ்சுவது இரண்டே மாதம். மறுஆய்வு மனு தள்ளுபடியான பிறகும் ஒரு 90 நாளைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற வாதத்தை, 2007இல் லாரன்ஸ் எதிர் ஃப்ளோரிடா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

மாநில நீதிமன்றங்களில் எழுப்பாத வாதத்தைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முதன்முறையாக எழுப்புவதும் பலன் தராது. அங்கே மாநிலச் சாட்சியச் சட்டத்தை மட்டும் சுட்டியவர், இங்கே அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது என்று மாற்றிச் சொல்ல இயலாது. விட்டுப்போனதை இரண்டாம் மனுவில் சேர்க்கலாம் என்றால், அதற்குக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை.

மனு தள்ளுபடியானால் 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அது மட்டும் போதாது. மேல்முறையீட்டுக்கு உகந்த வழக்கு என்ற சான்றிதழும் தேவை. இந்தக் கெடுவில் நீதிபதியின் சொல்லை நம்புவதும் ஆபத்தே. கெடுவைத் தவறவிட்ட ஓஹாயோ கைதி பவுல்ஸுக்கு, 14 நாள் மட்டுமே சட்டம் அனுமதிக்கும் மறுவாய்ப்பில், மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்தார். பவுல்ஸ் 16ஆம் நாளில் தாக்கல் செய்தார். அந்த மேல்முறையீட்டை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கொடுமைதான், ஆனால் இன்றும் அதுவே சட்டம்.

வழக்கறிஞர் இல்லாத கைதிக்கு ஒரு சலுகை, 1988இன் ஹூஸ்டன் எதிர் லாக் தீர்ப்பு: சிறை அதிகாரியிடம் அஞ்சலை ஒப்படைத்த நாளே தாக்கல் நாள். அந்தத் தேதியை உறுதிமொழியாக எழுதி இணைக்க மறந்தால், அச்சலுகையை நிரூபிப்பதே தனி வழக்காகிவிடும்.