அட், ஆன், இன்: எங்கே எதைப் போடுவது?

தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பார்க்கும் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். இது பழகிவிடும். நம் உருபு ஒவ்வொன்றுக்கும் நிகரான ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கும் என்று நம்புவதில்தான் சிக்கல்.

படி 1: முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

இலக்கணப் புத்தகங்கள் பெரும்பாலும் அட், ஆன், இன் என்று தொடங்கும். நான் வினையிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

‘திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்’ என்று மனத்தில் ஓடுவதால் ‘டிஸ்கஸ்டு அபௌட் த ப்ளான்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்டு த ப்ளான்’ என்பதே சரி. ‘வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்’ என்பதை ‘ரீச்டு ஹோம்’ என்றால் போதும், நடுவில் ‘டு’ வேண்டாம். ‘மேரி’ என்ற வினைக்குப் பின் ‘வித்’ வராது. ஆனால் இன்னாரை மணந்தவர் என்ற நிலையைச் சொல்லும்போது ‘மேரீடு டு’ வரும்.

வினை பெயராக மாறினால் கதை வேறு. ‘எ டிஸ்கஷன் அபௌட் த ப்ளான்’ பிழையே இல்லை. ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வந்தால் ‘ஃபார்’ கூடாது, பெயராக வந்தால் வேண்டும். குழப்பம் பிறப்பதே இந்த இரட்டை வேடத்தால்தான்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ‘பாட்டைக் கேட்டேன்’ என்பதில் ‘ஐ’ உருபு மட்டும் இருப்பதால் ‘லிசன் டு’ என்பதன் ‘டு’வை விழுங்கிவிடுகிறோம். சில வினைகளுக்குத் துணை மாறினால் பொருளே மாறும்: ‘லுக் அட்’ என்றால் பார்ப்பது, ‘லுக் ஃபார்’ தேடுவது, ‘லுக் ஆஃப்டர்’ கவனித்துக்கொள்வது. ஆகவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். துணையோடு சேர்த்தே குறித்துவையுங்கள்.

படி 2: காலம்

கடிகார நேரத்துக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். ‘அட் ஃபைவ்’, ‘ஆன் மண்டே’, ‘இன் 2019’. காலை வேளைக்கு ‘இன் த மார்னிங்’. கிழமை சேர்ந்தால் ‘ஆன் மண்டே மார்னிங்’. இரவுக்கு மட்டும் ‘அட் நைட்’. நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம்: ‘நெக்ஸ்ட் மண்டே’, அவ்வளவுதான்.

படி 3: இடம்

ஒரு புள்ளியாக நினைத்தால் அட், மேற்பரப்பு என்றால் ஆன், உள்ளே என்றால் இன். வாகனங்கள் விந்தையானவை: காருக்கு இன், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆன். உள்ளே எழுந்து நடமாட முடிந்தால் ஆன் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் இந்தக் கணக்கில் அடங்காது. அதன்மேல் ஏறி உட்காருவதால் அதற்கும் ஆன்.

படி 4: ‘வரை’யா, ‘க்குள்’ளா?

இங்கே தமிழே கைகொடுக்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பேன்’ என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளிக்கிழமை வரை இருப்பேன்’ என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. அலுவலகக் கடிதத்தில் இவை இடம் மாறினால் கெடுவே மாறிப்போகும்.

தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ், கால அளவைச் சொன்னால் ஃபார்: ‘சின்ஸ் 2019’, ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ தவறு.

படி 5: உபரியை வெட்டுங்கள்

ரிட்டர்ன், ரிப்ளை ஆகியவற்றுக்குள்ளேயே ‘திரும்ப’ என்ற பொருள் இருக்கிறது. பின்னால் ‘பேக்’ வேண்டாம். ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ வேண்டாம். ‘ஒன் ஆஃப் மை’ என்று தொடங்கினால் அடுத்த பெயர் பன்மையில் வரவேண்டும்: ஃப்ரெண்ட் அல்ல, ஃப்ரெண்ட்ஸ்.

ஐயம் வந்தால் ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறந்து வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘டு’ என்ற சொல்லைத் தேடினால் பக்கம் பக்கமாக விளக்கம் வரும். ‘லிசன்’ என்று தேடினால் முதல் எடுத்துக்காட்டுகளிலேயே விடை கிடைத்துவிடும்.