பழைய வள்ளத்தைத் திரும்பத் தண்ணீரில் இறக்க

பழைய மரவள்ளம் கைக்கு வந்ததும் பெயிண்ட் டப்பாவைத் தேட வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிய பலகைமேல் பெயிண்டோ ஃபைபரோ ஏற்றினால், வெளியே பளபளப்பும் உள்ளே உளுப்பும்தான் மிஞ்சும்.

இருபதடி வள்ளத்தை மூன்று இடத்தில் பனங்கட்டை கொடுத்து, கீற்றுக்கொட்டகை நிழலில் ஏற்றுங்கள். நேர்வெயிலில் பலகை வெடிக்கும். மூன்று வாரமாவது ஆறட்டும். மாசி, பங்குனியிலேயே தொடங்குவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறிவிடும், அப்போது ஓடாவி (படகுத் தச்சர்) கிடைப்பது அரிது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைப் பெரியவர்கள், முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துச் சுரண்டட்டும். பிள்ளைகளுக்கு, பலகை இடுக்கை அடைக்கும் பஞ்சுத்திரி உருட்டும் வேலை இருக்கிறது.

சுரண்டியதும் சிறு சுத்தியலால் ஏராவிலிருந்து (வள்ளத்தின் அடிமரம்) மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் மரம் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தில் கூரான ஊசியைக் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியாக வேண்டும். கடலில் மரத்தைக் குடையும் துளைப்புழுவிடம் ஏமாறாதீர்கள்: வெளியே குண்டூசித் துளைதான் தெரியும், உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்திருக்கும்.

மாற்றுப் பலகைக்கு அயினி மரம் நல்லது. பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற வங்குக்கு, இயல்பாகவே வளைந்த கருவேலங்கிளை. நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் அறுந்து அங்கேயே முறியும். ஒரு அங்குலத் தடிமன் பலகையை நீளவாக்கில் ஒட்டுப்போட, முனையில் எட்டு அங்குலச் சரிவு வேண்டும். அடுத்தடுத்த பலகைகளின் ஒட்டு ஒரே வங்கில் விழக் கூடாது. இரும்பாணியையும் செம்பாணியையும் கலக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் இரும்பு சீக்கிரம் கரைந்துபோகும். ஆணிக்கு முன்கூட்டியே துளை போடாவிட்டால் பலகை பிளக்கும்.

இனி கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளைத் திரியால் அடைப்பது. வள்ளம் மிதப்பதும் உள்ளே தண்ணீர் கசிவதும் இதில்தான். பழைய பஞ்சை முழுதும் இழுத்துப் போட்டுவிட்டு, பென்சில் பருமன் திரியை மழுங்கிய உளியால் இடுக்கில் வைத்து, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டுங்கள். திரி பலகை மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். உலர்ந்த மரம் தண்ணீரில் ஊதும். இறுக்கி அடித்த இடுக்கு அப்போது பலகையைத் தள்ளி, வங்கின் ஆணியைப் பிடுங்கிவிடும். சிமெண்டு, எம்-சீல் போன்ற கெட்டியாகிற பொருளும் இதே கேட்டைத்தான் செய்யும்.

திரியின் மேலே பூச, குங்கிலியப் (மரப்பிசின்) பொடி நான்கு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு என்று காய்ச்சத் தொடங்குங்கள். பானையில் பாதிக்கு மேல் வேண்டாம், தீ மெதுவாக எரியட்டும். பற்றிக்கொண்டால் மூடிபோட்டு அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு சொட்டைக் குளிர்நீரில் விட்டு எடுத்து வளைத்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிந்தால் எண்ணெய் போதவில்லை, விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதவில்லை. பெயிண்ட் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

பலகை ஊதி இடுக்கு மூட, சிலர் கரையிலேயே வள்ளம் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறார்கள்; அது வேண்டாம். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அந்தப் பாரத்தில் பலகை வெளியே பிதுங்கும். உள்ளே இரண்டு மூன்று நாள் ஈரச்சாக்கு விரித்தால் போதும். பிறகு இடுப்பளவு நீரில் கட்டிவையுங்கள். முதல் நாள் உள்ளே தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே இருங்கள். ஒரு வாரமாகியும் கசிவு நிற்காவிட்டால் திரும்பக் கரையேற்றி அந்த இடுக்கை மட்டும் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கடல் வேண்டாம். முத்துப்பேட்டைக் காயல் போல ஆழம் குறைந்த இடமே போதும்; அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி முதலில் வாங்குங்கள். தையில் வலசைப் பறவைகளும் இருக்கும். விடியலில் கிளம்பி, காற்று ஏறுமுன் திரும்புங்கள். வற்றம் (கடல்நீர் வடிவது) தொடங்கினால் வள்ளம் சேற்றில் உட்காரும், இறங்கித் தள்ளினால் கால் புதையும். அதற்குத்தான் நீளக் கம்பு. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஒரு வாளி, கொஞ்சம் பஞ்சுத்திரி, உளி, கொட்டாப்புளி ஆகியவை வள்ளத்திலேயே கிடக்கட்டும்.