கோடு வரைந்தால் வடிகால் ஆகிவிடாது: நகர மழைநீர் வடிகால்களை நீர்நிலை வரைபடத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் நீர்நிலை வரைபடம் ஒன்றைத் திறந்தால் வடக்கே கொசஸ்தலையாறும் நடுவே கூவமும் தெற்கே அடையாறும் தெரியும். கடற்கரைக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாயும் அடையாற்றுக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதன் நீரை வடிக்கும் ஒக்கியம் மடுவும் தெரியும். இவற்றுக்கு இடைப்பட்ட தெருக்கள் அத்தனையும் வெற்றிடம். தியாகராய நகரில் பெய்த மழை எங்கே போகிறது என்று அந்த வரைபடத்திடம் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த நீர் சாலையோரக் கான்கிரீட் வடிகால்களில் இறங்கி, மாம்பலம் கால்வாயில் சேர்ந்து, அடையாற்றுக்குப் போகிறது. ஆற்றை வரைந்தவர்கள் வடிகாலை வரையவில்லை. வடிகாலைக் கட்டியவர்களிடம் ஆற்றின் வரைபடம் இல்லை.

இந்த இரண்டையும் சேர்க்க இப்போது பலர் முயல்கிறார்கள். மாணவர்கள், தன்னார்வலர்கள், வெள்ள ஆய்வாளர்கள், சில நேரங்களில் உள்ளாட்சி அலுவலர்களே கூட. நல்ல வேலைதான். ஆனால் வடிகால் கோடு ஒவ்வொன்றும் 'இங்கே விழும் நீர் அங்கே போகிறது' என்ற ஓர் உறுதிமொழி. அதைச் சரிபார்க்காமல் வரைந்தால், வெற்றிடமாக இருந்த வரைபடத்தைவிட மோசமான ஒன்று கையில் கிடைக்கும்.

தொடுவது போலத் தெரிவது இணைப்பு அல்ல

மிகப் பரவலான தவறு, வடிகால் லேயரை (வரைபடத்தின் தனி அடுக்கை) ஆற்று லேயரின் மேல் அப்படியே போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. திரையில் இரண்டும் ஒட்டியிருப்பது போலத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் வடிகாலின் முனைக்கும் கால்வாய்க் கோட்டுக்கும் இடையில் மூன்று மீட்டர் இடைவெளி இருக்கும். கண்ணுக்கு அது பொருட்டில்லை. நீரின் பாதையைப் பின்தொடரும் மென்பொருள் மட்டும் அந்த இடத்தில் நின்றுவிடும். வடிகால் கால்வாயில் விழும் இடத்தைத் தனிப் புள்ளியாகக் குறித்து, கால்வாய்க் கோட்டையும் அந்தப் புள்ளியில் வெட்டி இணைக்க வேண்டும். இந்த வடிகால் வாய்ப் புள்ளிகளின் பட்டியல்தான் முழுத் தரவிலும் விலைமதிப்பு மிக்க பகுதி என்பேன். நேரம் குறைவாக இருந்தால் தெருவடிகால்களை விட்டுவிட்டு வாய்களை மட்டும் சரியாகக் குறித்தால் கூடப் பயன் உண்டு.

இடைவெளிகளை ஒரேயடியாக மூட, மென்பொருளின் ஸ்னாப் தூரத்தை (எவ்வளவு நெருங்கிய முனைகளைத் தானாக ஒட்டலாம் என்ற அளவை) பத்து மீட்டர் என்று வைத்துவிடுபவர்கள் உண்டு. சென்னையின் உட்தெருக்களில் இது விபரீதம். ஆறு மீட்டர் அகலத் தெருவில் இருபுறமும் வடிகால் இருக்கும். இரண்டும் வெவ்வேறு திசையில் ஓடி வெவ்வேறு இடத்தில் விழலாம். பத்து மீட்டர் ஸ்னாப் அவை இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். இதே காரணத்தால், இருபுற வடிகால்களையும் சாலையின் நடுவே ஒற்றைக் கோடாகச் சுருக்குவதும் ஆகாது.

இன்னொரு இடைவெளி தரவு வரும் வழியிலேயே உண்டாகிறது. மாநகராட்சியின் வரைபடங்கள் மண்டலவாரியாகவும் ஒப்பந்தவாரியாகவும் இருக்கும். நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளில் உள்ள வடிகால் அந்தத் துறையிடம்; ஆறும் பெரிய கால்வாய்களும் நீர்வளத் துறையிடம். மண்டல எல்லையில் வடிகால் 'முடிந்து' போனால், அது உண்மையில் முடிகிறதா, தாள் முடிந்ததா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தாள்தான் முடிந்திருக்கும். ஆனால் இரு ஒப்பந்தங்களுக்கு நடுவே நிஜமாகவே இணைக்கப்படாமல் கிடக்கும் வடிகால்களும் உண்டு. அங்கே வரைபடம் தன்னிச்சையாகக் கோட்டை இழுத்துச் சேர்த்துவிட்டால், தெருவில் நீர் ஏன் தேங்குகிறது என்பதற்கான ஒரே தடயமும் அழிந்துபோகும்.

நீர் போய்ச் சேருவது உறுதி, நடுவில் எந்த வழியாக என்பது மட்டும் தெரியாது என்ற நிலை வந்தால் என்ன செய்வது? அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் தேசிய நீர்வரைவியல் தரவுத்தொகுப்பு இதற்கென்றே 'இணைப்பி' என்ற தனிக் கோட்டு வகையை வைத்திருந்தது. குழாயென்று பொய் சொல்லாமல், இணைப்பு உண்டு என்று மட்டும் சொல்லும் கோடு. நாமும் அப்படி ஒரு வகையை வைத்துக்கொள்ளலாம்.

தரையின் சரிவை நம்பாதீர்கள்

அடுத்தது ஓட்டத்தின் திசை. பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழிக் கோட்டை வரையும் திசையே நீர் ஓடும் திசையாகக் கொள்ளப்படுகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் ஆட்டோகேட் வரைவு மென்பொருளின் வரைபடத்தில் அப்படி எந்த விதியும் இல்லை; வரைந்தவரின் கை எந்தப் பக்கம் போனதோ அதுதான் கோட்டின் திசை. அதை அப்படியே மாற்றிக் கொண்டுவந்தால் பாதி வடிகால்கள் ஆற்றிலிருந்து தெருவுக்கு நீரை ஏற்றிக்கொண்டிருக்கும்.

இதைத் திருத்த, செயற்கைக்கோள் உயரத் தரவை எடுத்துத் தரை சரியும் பக்கம் திசையைத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். மலையோர ஊரில் இது ஓரளவு ஓடும். சென்னையில் ஓடாது. நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்தில் ரேடார் வைத்து எடுத்த இலவச உயரத் தரவின் பிழையே பல மீட்டர் இருக்கும். அது மொட்டை மாடியையும் மரத்தின் உச்சியையும் தரையென்று எண்ணிக்கொள்வதும் உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் கட்டிய வடிகால் அரைக் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான் இறங்கும். பல மீட்டர் பிழையுள்ள தரவில் அரை மீட்டர் சரிவைத் தேடுவதில் பொருளில்லை.

நம்பத் தகுந்தது வடிகாலின் அடிமட்டம், பொறியாளர்கள் இன்வெர்ட் லெவல் என்பது. ஒவ்வொரு மேன்ஹோலிலும் அந்த மட்டம் எவ்வளவு என்று தெரிந்தால் திசை தானாகத் தெரிந்துவிடும். சாலைக்கு எதிர்ச்சரிவில் ஓடும் வடிகால்களும் அப்போதுதான் பிடிபடும். இதில் மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, ஆழத்தை மட்டம் என்று எடுத்துக்கொள்வது. பழைய வரைபடங்களில் பல நேரம் 'சாலையிலிருந்து 1.2 மீட்டர் கீழே' என்றுதான் இருக்கும். சாலை அதற்குப் பிறகு எத்தனை முறை மேலே மேலே போடப்பட்டது? பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போட்ட தெருவில் அந்த 1.2 மீட்டருக்கு இன்று மதிப்பில்லை.

இரண்டு, கருவி காட்டும் உயரத்தைக் கடல் மட்ட உயரம் என்று நம்புவது. செயற்கைக்கோள் அளவைக் கருவி திருத்தமின்றித் தருவது, பூமியின் கணித வடிவமான நீள்கோளத்துக்கு மேல் உள்ள உயரம். தென்னிந்தியாவும் இலங்கையும் உலகிலேயே கடல் மட்டம் அந்தக் கோளப் பரப்பைவிட மிகவும் தாழ்ந்திருக்கும் வட்டாரத்தில் இருக்கின்றன. சென்னையில் அந்த வேறுபாடு 80 மீட்டருக்கும் மேல். மெரினாவில் நின்று அளந்தால் கழித்தல் குறியோடு எண் வருவது அதனால்தான். எல்லாப் புள்ளிகளும் ஒரே பிழையோடு இருந்தால் திசையாவது தப்பிக்கும். பாதித் தரவு ஒரு முறையிலும் மீதி இன்னொரு முறையிலும் இருந்தால் ஒன்றும் தப்பாது.

மூன்றாவதை நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன்: தெரியாத மட்டத்துக்குப் பூஜ்யம் போடுவது. கோயம்புத்தூரில் ஒரு வடிகாலின் மட்டம் 0 என்றிருந்தால் யாரும் உடனே பிழை என்று சொல்லிவிடுவார்கள். சென்னைக் கடலோரத்தில் 0 மீட்டர் நம்பக்கூடிய எண். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி சுற்றுவட்டார நீரையெல்லாம் அந்தக் குழிக்குள் அனுப்பிவைக்கும். தெரியாததை வெற்றாக விடுங்கள்.

கிடைமட்ட இருப்பிடத்திலும் கவனம் தேவை, ஆனால் அது எளிதில் தென்படும் பிழை. எவரெஸ்ட் எனப்படும் வேறொரு நீள்கோளத்தில் அமைந்த பழைய இந்திய நில அளவைத் தாள்களைத் திருத்தாமல் இன்றைய ஆயத்தொலைகளில் வைத்தால் கோடுகள் நூறு மீட்டருக்கும் மேல் விலகிப்போகும். வடிகால் அடுத்த தெருவில் போய் நிற்பதைப் பார்த்ததும் புரிந்துவிடும். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் சென்னைக்கு உரியது மண்டலம் 44 வடக்கு.

வடிநிலத்தின் எல்லை மாறிவிடுகிறது

ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் பரப்பே அதன் வடிநிலம். நிலமேட்டை வைத்து வரைந்த வடிநில எல்லை, நிலத்தின் மேல் ஓடும் நீருக்குத்தான் பொருந்தும். வடிகால் அந்த மேட்டுக்கு அடியில் புகுந்து பக்கத்து வடிநிலத்துக்கு நீரைக் கொண்டுபோகலாம். ஆகவே வடிகால் கோடுகளைச் சேர்த்துவிட்டு வடிநில எல்லைகளைப் பழையபடி விடுவது அரைவேலை. மாநகராட்சி வடிகால் திட்டங்கள் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, கோவளம் என்று வடிநிலம் வடிநிலமாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தெரு எந்த வடிநிலத்தில் சேரும் என்பதை மேட்டை வைத்து முடிவுசெய்யாமல், அதன் நீர் கடைசியாக எந்த வாயில் விழுகிறது என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். பெருமழையில் வடிகால் நிரம்பி வழிந்தால் நீர் மறுபடியும் தரைச் சரிவின்படிதான் போகும் என்பதால், இரண்டு எல்லைகளையும் வைத்திருப்பது நல்லது.

கழிவுநீர்க் குழாயையும் மழைநீர் வடிகாலையும் கலந்துவிடாதீர்கள். சென்னையில் இரண்டும் தனித்தனி அமைப்புகள். கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவுநீர் நீரேற்று நிலையத்திலிருந்து அழுத்தத்தில் போகும் குழாய் மேட்டிலும் ஏறும். அதை வடிகாலென்று சேர்த்தால் வலையமைப்பே குழம்பும். பழைய கொல்கத்தா போன்ற நகரங்களில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுவதால் அங்கே வேறு விதி.

மூடப்பட்ட ஓடைகளில் இரட்டைக் கணக்கு வருவதும் உண்டு. ஆற்று லேயரில் ஓடையாக ஒரு கோடு, வடிகால் லேயரில் கான்கிரீட் பெட்டியாக அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. நீர் ஒன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு, 'மூடியது' என்ற குறிப்பை அதில் சேர்த்தால் போதும். குறுக்களவையும் அப்படியே குறியுங்கள்: இங்குள்ள வடிகால்களில் பெரும்பாலானவை செவ்வகப் பெட்டிகள். வட்டக் குழாய்க்கான 'விட்டம்' என்ற ஒரே கட்டத்தில் அகலத்தையோ ஆழத்தையோ போட்டால் இன்னொன்று தொலைந்துபோகும்.

பக்கிங்காம் கால்வாய் இந்த வேலை செய்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும். அதற்கு ஒரே திசை கிடையாது. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப நீர் இரு பக்கமும் நகரும். அதற்கு ஓர் அம்புக்குறி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால், 'இருதிசை' என்ற பண்பைத் தனியாகச் சேருங்கள். அதில் விழும் வடிகால் வாய்களில் பல ஏற்றத்தின்போது மூழ்கியிருக்கும்; வாயின் மட்டம் இல்லாமல் அந்த வடிகால் எந்த நேரத்தில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, காலம். திட்ட அறிக்கையில் இருக்கும் வடிகாலை நிலத்தில் இருக்கும் வடிகாலாக வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு சென்னையில் வடிகால் வேலைகள் வேகமாக நடந்திருப்பதால், மூன்று ஆண்டுக்கு முந்தைய கோப்புகூடப் பழையதாகிவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்மொழியப்பட்டது, கட்டப்படுகிறது, பயன்பாட்டில் உள்ளது, கைவிடப்பட்டது என்ற நான்கில் ஒன்றையும், எந்த ஆவணத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் எழுதிவையுங்கள். வெளியிடும் முன் இருபது முப்பது இடங்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, வரைபடம் சொல்லும் பாதையில் வாய் வரை நடந்து பாருங்கள். அந்தத் தெருவில் வடிகால் தூர்வாரும் தொழிலாளர்களைச் சந்தித்தால் கேளுங்கள். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று மூடியைத் திறந்தே காட்டிவிடுவார்கள்.