அயா சோஃபியாவ அரை நாள்ல பாக்கப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி இத படிங்க

லண்டன், ஜெர்மனி, கனடா பக்கம் இருக்குற நம்மாளுங்க நெறய பேர் ஊருக்குப் போறப்போ இஸ்தான்புல் வழியாதான் பறக்குறாங்க, பத்து மணி நேரம் பன்னெண்டு மணி நேரம்னு லேஓவர் வரும், அந்த நேரத்த ஏர்போர்ட் சேர்லயே உக்காந்து கழிச்சிடுவாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. அந்த ஊர்ல இருக்குற அயா சோஃபியா மாதிரி ஒரு கட்டடம் உலகத்துல இன்னொன்னு கெடையாது. நான் ரெண்டு தடவ போயிருக்கேன், 2018-ல அது மியூசியமா இருந்தப்போ தனியா, போன வருஷம் மூட்டு வலி இருக்குற எங்க அம்மாவ கூட்டிக்கிட்டு. ரெண்டு தடவையும் பாத்தது கிட்டத்தட்ட ரெண்டு வேற வேற எடம்னு சொல்லலாம், அதனாலதான் இத எழுதுறேன், ஏன்னா பழைய வீடியோ பழைய பதிவெல்லாம் பாத்துட்டுப் போனா அங்க போயி கொழம்பிடுவீங்க.

மொதல்ல இப்போ அங்க நெலம என்னன்னு புரிஞ்சுக்கோங்க. 532-ல நடந்த கலவரத்துல பழைய சர்ச் எரிஞ்சு போச்சு, உடனே ஜஸ்டினியன் பேரரசர் புதுசா கட்ட ஆரம்பிச்சு 537-ல முடிச்சிட்டார், ஆறு வருஷம் கூட ஆகல. கட்டுனவங்க ரெண்டு பேர், ஆந்தெமியஸ், இசிடோர். தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல சர்ச், 1453-ல உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரத்த புடிச்சதும் பள்ளிவாசல், 1935-ல இருந்து மியூசியம், 2020 ஜூலைல இருந்து மறுபடியும் பள்ளிவாசல். இதுல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது கடைசி மாத்தம். 2024 ஜனவரில இருந்து கீழ்த்தளம் தொழ வர்றவங்களுக்கு மட்டும், வெளிநாட்டு டூரிஸ்ட் எல்லாம் தனி வாசல் வழியா மேல் மாடத்துக்குத்தான் போகணும், அதுக்கு டிக்கெட் 25 யூரோ. தொழ வர்றவங்களுக்கு வாசலும் வேற, டிக்கெட்டும் கெடையாது, அவங்க உள்ள போறத பாத்துட்டு அந்த வரிசைல போயி நிக்காதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. டூரிஸ்ட் வாசல் தோப்காபி அரண்மனை பக்கம், மூணாம் அகமது சுல்தான் கட்டுன அழகான நீரூற்று மண்டபம் ஒன்னு இருக்கு, அதுகிட்ட.

25 யூரோ குடுத்து கீழ கூட நடக்க முடியாதான்னு நெறய பேர் வருத்தப்படுறாங்க. எனக்கும் 2018-ல அந்த பளிங்குத் தரைல நின்னு அண்ணாந்து பாத்த ஞாபகம் இருக்கு, அது இப்போ கெடைக்காதுங்குறது வருத்தம்தான். ஆனா மொசைக் ஓவியத்துல நல்லதெல்லாம் மேலதான் இருக்கு, கீழ தொழுகை நடக்குறப்போ மேல இருந்து பாக்குறதும் ஒரு தனி அனுபவம், அதனால காசு வீண்னு நெனைக்க வேணாம்.

விசா விஷயம் சொல்லிடுறேன். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்ககிட்ட செல்லுபடியாகுற ஷெங்கன், யூகே, அமெரிக்கா, அயர்லாந்து இதுல ஏதாவது ஒரு விசா இருந்தா துருக்கி ஈ-விசா ஆன்லைன்லயே எடுத்துடலாம், அம்மாவுக்கு யூகே விசா இருந்ததால அப்படித்தான் எடுத்தோம். துருக்கி அரசாங்க சைட்ல மட்டும் போடுங்க, அதே மாதிரி பேர் வச்சுக்கிட்டு கூடுதலா காசு புடுங்குற சைட் ஏகப்பட்டது இருக்கு. அப்புறம் உங்க ஃப்ளைட் எந்த ஏர்போர்ட்டுன்னு பாருங்க, இஸ்தான்புல் ஏர்போர்ட்டா இல்ல சபிஹா கோக்சென்னா, ரெண்டாவது ஆசியப் பக்கம் இருக்கு, கணக்கே மாறிடும்.

இஸ்தான்புல் ஏர்போர்ட்ல இருந்துன்னா எம்11 மெட்ரோ புடிச்சு கய்ரெத்தெபெ, அங்க எம்2-க்கு மாறி வெஸ்னெஜிலெர், அங்க இருந்து கொஞ்ச தூரம் நடந்து டி1 டிராம், சுல்தானஹ்மெத் ஸ்டாப்ல எறங்குனா எதுர்லயே கட்டடம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்னு வச்சுக்கோங்க. இமிகிரேஷன் க்யூவுக்கு ஒரு மணி நேரம், திரும்பி வர்றதுக்கு ஒன்றரை, ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல இருக்கணும், எல்லாம் கூட்டிப் பாத்தா லேஓவர் பத்து மணி நேரத்துக்கு கம்மியா இருந்தா நான் போக சொல்ல மாட்டேன், ஓட்டமும் நடையுமா ஒன்னையும் ஒழுங்கா பாக்க முடியாது. கேபின் பைய ஏர்போர்ட்லயே லக்கேஜ் வைக்கிற எடத்துல காசு குடுத்து வச்சிடுங்க, அந்தப் பைய தூக்கிக்கிட்டு மேல ஏறுறது பெரிய அவஸ்த.

நாள் தேர்ந்தெடுக்குறதுல ஒரே ஒரு விஷயம், வெள்ளிக்கிழம மதியம் வேணாம். ஜும்மா தொழுகைக்காக சுமார் ரெண்டரை மணி வரைக்கும் டூரிஸ்ட்ட விட மாட்டாங்க, அந்தப் பக்கத் தெருவெல்லாம் ஜனம் நெரியும். மத்த நாள்ல தொழுகை நேரத்துலயும் மேல் மாடம் தெறந்துதான் இருக்கும். காலைல ஒன்பது மணிக்குத் தெறக்குறப்பவே போயிடுங்க, பதினொன்னுக்கு மேல டூர் குரூப் கூட்டம் கூட்டமா வந்து எறங்கும். கூட்டம் பரவாயில்லன்னா நீங்க மேல இருக்குற நேரத்துல லுஹர் பாங்கு, அதாவது மதியத் தொழுகைக்கான அழைப்பு, வர்ற மாதிரி வச்சுக்கோங்க, ஒவ்வொரு நாளும் நேரம் கொஞ்சம் மாறும், போன்ல இஸ்தான்புல் தொழுகை நேரம்னு தேடுனா வந்துடும். அந்த குவிமாடத்துக்குக் கீழ பாங்கு சத்தம் சுத்தி வந்து அடங்குறத கேட்டாதான் தெரியும், அம்மா பேசிக்கிட்டு இருந்தவங்க அப்படியே நிறுத்திட்டாங்க.

டிரெஸ் பத்தி. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஆம்பளைங்களும் ஷார்ட்ஸ் போட்டுட்டுப் போகாதீங்க. பொம்பளைங்க தலைய மூடணும், சுடிதார் துப்பட்டா இல்லன்னா சேல முந்தானையே போதும், வாசல்ல விக்கிற துணிய காசு குடுத்து வாங்க வேணாம். மேல் மாடத்துல செருப்பு கழட்ட வேண்டியதில்ல. ஆனா நல்லா க்ரிப் இருக்குற ஷூவா போடுங்க, ஏன்னு சொல்றேன்.

மேல போறதுக்கு படிக்கட்டு கெடையாது, கல்லு பதிச்ச சரிவுப் பாதை, திரும்பித் திரும்பி மேல ஏறும். அந்தக் காலத்துல மகாராணிய பல்லக்குல இது வழியாதான் தூக்கிட்டு போனாங்கன்னு சொல்லுவாங்க. கல்லெல்லாம் மேடும் பள்ளமுமா, நூத்துக்கணக்கான வருஷம் கால் பட்டு வழவழன்னு தேஞ்சிருக்கு, வெளிச்சமும் கம்மி. அம்மா ஒவ்வொரு திருப்பத்துலயும் செவுத்த புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னு நின்னுதான் ஏறுனாங்க, ஏறிட்டாங்க, ஆனா வீல் சேர்ல இருக்கவங்களுக்கும் ரொம்ப முட்டி முடியாதவங்களுக்கும் இது சரிப்படாது, கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க. எறங்குறப்போதான் இன்னும் வழுக்கும்.

ஆடியோ கைடு கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணி போன்ல கேக்குறதுதான், இயர்போன் மறக்காதீங்க, போன்ல சார்ஜ் இருக்கட்டும்.

மேல போனதும் எல்லாரும் செய்யுற தப்பு உடனே போன எடுத்து செல்ஃபி எடுக்குறது. மொதல்ல அஞ்சு நிமிஷம் கைப்பிடி செவுருகிட்ட நின்னு சும்மா பாருங்க. குவிமாடம் தரைல இருந்து 55 மீட்டர் உயரம், அகலம் சுமார் 31 மீட்டர், அடில சுத்தி 40 ஜன்னல். அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் வர்றதால கல்லும் செங்கல்லுமா இருக்குற அவ்ளோ பெரிய பாரம் காத்துல மெதக்குற மாதிரி தெரியும். மொதல்ல கட்டுன குவிமாடம் நிலநடுக்கத்துல ஆடிப்போய் 558-ல விழுந்துடுச்சு, அப்புறம் மொத இசிடோரோட சொந்தக்காரரான சின்ன இசிடோர் இன்னும் உயரமா கட்டுனார், உயரம் கூடுனா பாரம் பக்கவாட்டுல தள்ளுறது கொறையும்ல, அந்தக் கணக்கு. நாலு மூலைலயும் முக்கோணமா வளைஞ்சு எறங்குற பகுதி இருக்கு பாருங்க, வட்டத்த சதுரத்து மேல உக்கார வச்சது அதுதான், அதுலதான் றெக்கையோட தேவதைங்க இருக்காங்க. ஒன்னு தெரிஞ்சுட்டு போங்க, 2025 ஏப்ரல்ல குவிமாட ரிப்பேர் வேல ஆரம்பிச்சிருக்காங்க, நாங்க போனப்போ உள்ள பெரிய சாரம் கட்டி நடுவுல பாதிய மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்காக போகாம இருக்காதீங்க, இவ்ளோ வயசான கட்டடத்துக்கு வைத்தியம் நடக்குது, நடக்கட்டும்.

அப்புறம் கீழ விரிச்சிருக்குற பச்சை கம்பளத்தோட கோட்ட கவனிங்க. கட்டடத்தோட நேர்ல இருக்காது, லேசா சாஞ்சிருக்கும். ஏன்னா சர்ச்சா கட்டுனப்போ கெழக்குப் பாத்து கட்டுனாங்க, மக்கா இருக்குற தெசை அதுல இருந்து கொஞ்சம் விலகி இருக்கு, அதனால மிஹ்ராபையும் (மக்கா தெசைய காட்டுற மாடம்) தொழுகை வரிசையையும் திருப்பி வச்சிருக்காங்க. இந்தக் கட்டடத்தோட மொத்தக் கதையும் அந்த ஒரு சாய்வுல இருக்கு, எனக்கு இங்க ரொம்பப் புடிச்ச விஷயமே அதுதான். தூண்ல தொங்குற பெரிய வட்டப் பலகை எட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுல எழுதுனது, அல்லாஹ், முஹம்மது நபி, நாலு கலீஃபாக்கள், ஹசன், ஹுசைன் பேரு, ஒவ்வொன்னும் ஏழரை மீட்டர் குறுக்களவு, கீழ நிக்கிற ஆளோட ஒப்பிட்டுப் பாத்தாதான் அந்த சைஸ் புரியும்.

தெக்கு மாடத்துக்கு வந்தா ஒரு பளிங்குக் கதவு மாதிரி தடுப்பு இருக்கும், அத தாண்டுனதும் வலது பக்கம் தீசிஸ் மொசைக். இயேசு நடுவுல, ஒரு பக்கம் மரியா, இன்னொரு பக்கம் திருமுழுக்கு யோவான், 1261-ஐ ஒட்டி செஞ்சதுன்னு சொல்றாங்க. கீழ்ப்பாதி முழுக்க உதுந்து போச்சு, ஆனா மொகம் மூணும் அப்படியே இருக்கு. இதுக்கு இடது பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு, அந்த ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து விழுதோ அதே பக்கத்துல இருந்து மொகத்துல வெளிச்சம் விழுற மாதிரி, நெழல மறுபக்கம் வச்சு கல்லு பதிச்சிருக்காங்க. கிட்டப் போயி பாருங்க, கன்னத்துல ஒவ்வொரு கல்லும் கடுகு மிளகு சைஸ்ல வேற வேற நெறம், ரெண்டடி பின்னாடி வந்தா தோல் மாதிரி ஆயிடும். அம்மா யோவான் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க, "எதயோ நெனச்சு வருத்தப்படுறாருடா இவரு"ன்னாங்க. கால் மணி நேரம் அங்கயே நின்னோம்.

அதே மாடத்துல கோடில ரெண்டு மொசைக், அரசி ஸோயி அவங்க புருஷன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் கூட இருக்குறது ஒன்னு. ராஜாவோட மொகத்த சுத்தி நல்லா பாத்தா தலைய மாத்தி ஒட்டுனது தெரியும், முன்னாடி அங்க இருந்தது வேற புருஷன். பளிங்குக் கைப்பிடில வைக்கிங் காவல்காரன் ஒருத்தன் கத்தியால கீறுன எழுத்து இருக்கு, ஹால்ஃப்டான்ங்குற பேருதான் படிக்க முடியுது, மேல கண்ணாடி மாதிரி மூடி போட்டிருப்பாங்க, தேடுனாதான் கெடைக்கும். எந்த தேசத்துல இருந்தோ வந்து வேலைக்கு நின்னவன் போரடிச்சு பேர கீறிட்டுப் போயிருக்கான், ஆயிரம் வருஷமா இருக்கு. நீங்க எதுவும் கீறாதீங்க, செவுத்துல சாயாதீங்க, ஃப்ளாஷ் போடாதீங்க. கீழ தொழுறவங்கள ஜூம் பண்ணி வீடியோ எடுக்குறத தயவு செஞ்சு விட்டுடுங்க, நம்ம வீட்டு பூஜை ரூமையோ ஜெபத்தையோ யாராவது அப்படி எடுத்தா எப்படி இருக்கும்.

வெளிய போற வழில தென்மேற்கு வாசலுக்கு வந்தா திரும்பி மேல பாருங்க, எல்லாரும் வெளிய பாத்து நடந்து போறதால இத விட்டுடுவாங்க. நடுவுல கொழந்தையோட மரியா, ஒரு பக்கம் ஜஸ்டினியன் இந்தக் கட்டடத்தையே பொம்மை மாதிரி கைல வச்சு நீட்டுறார், இன்னொரு பக்கம் இந்த நகரத்த உருவாக்குன மொத கான்ஸ்டன்டைன் நகரத்த நீட்டுறார்.

மியூசியம்னு தனியா ஒன்னு சதுக்கத்துல இருக்கு, அயா சோஃபியா வரலாறு அனுபவ மியூசியம், அதுக்கு டிக்கெட் வேற. பெரும்பாலும் ஒலி ஒளி காட்சிதான், ஸ்கூல் படிக்கிற பசங்க கூட இருந்தா கத புரியும், லேஓவர்ல வந்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், கவுன்டர்ல ரெண்டும் சேத்து டிக்கெட் எடுக்க சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. இஸ்தான்புல் மியூசியம் பாஸ் அயா சோஃபியாவுக்கு செல்லாது, அதயும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுக்கு பதிலா பக்கத்துலயே சுல்தான்களோட சமாதி மண்டபங்க இருக்கு, காசே கெடையாது, கூட்டமும் இல்ல. இரண்டாம் செலிம் சமாதி உஸ்மானிய காலத்து பெரிய கட்டடக் கலைஞர் சினான் கட்டுனது, வாசல் ரெண்டு பக்கமும் இஸ்னிக் ஊரோட வண்ண ஓடு பதிச்சிருக்கும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, இடது பக்கம் இருக்குறது நகல். அசல ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசில பிரான்சுக்கு கொண்டு போனாங்க, இன்னைக்கும் பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு. நெறம் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், பாத்ததும் எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

இன்னும் நேரம் இருந்தா ஒன்னே ஒன்னு சேத்துக்கோங்க. நடக்க முடிஞ்சா எதிர்ல நீல மசூதி, ஆறு மினாரு, இலவசம், தொழுகை நேரத்துல டூரிஸ்ட்ட விட மாட்டாங்க, செருப்பு கழட்டணும். இல்லன்னா அதே ஜஸ்டினியன் கட்டுன நிலத்தடி நீர்த்தேக்கம், 336 தூண், உள்ள குளுகுளுன்னு இருக்கும், எங்க அம்மாவுக்கு அதுதான் சரியா இருந்துச்சு. தோப்காபி அரண்மனைக்கு பாதி நாள் வேணும், அத அடுத்த தடவைக்கு வைங்க.

சதுக்கத்துல யாராவது ரொம்ப அன்பா பேசி எந்த ஊருன்னு கேட்டு டீ குடிக்க கூப்பிட்டா கம்பளக் கடைலதான் போயி நிக்கும், சிரிச்சுட்டு நகந்துடுங்க. வண்டில விக்கிற சிமித், எள்ளு தூவுன வளைய ரொட்டி, ஒன்னு வாங்கிட்டு ரெண்டு பள்ளிவாசலுக்கும் நடுவுல இருக்குற பெஞ்சுல உக்காருங்க, போன்ல ஒரு அலாரம் வச்சுக்கோங்க, அது அடிச்சதும் டிராமுக்கு கெளம்பிடணும், சாயந்தரம் நாலரைக்கு மேல டி1-ல நிக்கவே எடம் இருக்காது.